பிடியரிசியும் மிச்சச் சென்ட்டும்

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை. அலுவலகத்துத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கும்பகோணத்துப் பையன். லண்டனில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஷ்டுட்கார்ட் பக்கம் எங்கள் நிறுவனத்தில் வந்து சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். முதல் மடக்கு இறங்குவதற்குள் மடிக்கணினியைத் திறந்து ஒரு சுவரொட்டியைக் காட்டினான். பெரிய அட்டைப்பெட்டி, அது நிறைய தகர டப்பாக்கள், பக்கத்தில் கன்னம் ஒட்டிய ஒரு குழந்தை.

"உணவு வங்கிக்கு ஆபீஸ்ல சேகரிப்பு நடத்தலாம்னு இருக்கேன் அக்கா. மாடிக்கு ஒரு பெட்டி. கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு டன் சேர்த்துடணும். லண்டன்ல இப்படித்தான் செஞ்சோம்."

"கேட்டுட்டியா?"

"மேனேஜர்கிட்டயா? அவர் ஓகே சொல்லிட்டார்."

"மேனேஜர் இருக்கட்டும். யாருக்குக் கொடுக்கப் போறியோ, அவங்ககிட்ட."

முழித்தான். கல்யாண வீட்டுக்கு மொய் வைக்கும்போது யாரும் இப்படி முழிப்பதில்லை. தர்ம காரியம் என்றதும், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு நமக்கு எப்படியோ வந்துவிடுகிறது. அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

லண்டனில் அவன் செய்தது தப்பில்லை. பிரிட்டனில் டிரசெல் அமைப்பு 2000-ஆம் ஆண்டு சாலிஸ்பரியில் தொடங்கிய உணவு வங்கிமுறை பொதுமக்கள் கொண்டுவந்து கொடுக்கும் டப்பாக்களையும் பொட்டலங்களையும் நம்பியே நடப்பது. தேவாலயத்திலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பெட்டி வைப்பார்கள். சேர்ந்ததைப் பிரித்து, ஒரு குடும்பத்துக்குச் சில நாளைக்கு ஆகும் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். அங்கே நீ கொண்டுபோகும் பட்டாணி டப்பாதான் சரக்கு.

'வங்கி' என்ற சொல்லே அமெரிக்காவிலிருந்து வந்தது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய கிடங்குக்கு அந்தப் பெயர் அமைந்தது. மிஞ்சியவர்கள் போடலாம், இல்லாதவர்கள் எடுக்கலாம், நடுவில் ஒரு கிடங்கு.

ஜெர்மனியில் கதை வேறு. இங்கே அதன் பெயர் டாஃபெல். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கும் அதே சொல்தான், ஆனால் இந்த இடத்தில் விருந்துக்கு விரித்த சாப்பாட்டு மேசை என்று பொருள். 1993-இல் பெர்லினில் சபீனே வெர்ட் என்பவரும் அவருடைய பெண்கள் குழுவும் இதைத் தொடங்கினார்கள். நகரத்தில் வீடில்லாதவர்களின் நிலை பற்றி ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு, நம்மால் என்ன ஆகும் என்று யோசித்தபோது அவர்கள் கண்ணில் பட்டது நியூயார்க்கின் சிட்டி ஹார்வெஸ்ட். உணவகங்களிலும் கடைகளிலும் மிஞ்சும் நல்ல உணவை வண்டி வைத்து அள்ளிக்கொண்டுபோய், வேண்டியவர்களிடம் அன்றைக்கே சேர்க்கும் ஏற்பாடு அது. கிடங்கை விட வண்டி முக்கியம். அந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இன்று நாடு முழுக்க 970 டாஃபெல்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. காலையில் வண்டி கிளம்பும். இந்த சூப்பர் மார்க்கெட்டில் நான்கு பெட்டித் தக்காளி, அந்த பேக்கரியில் நேற்றைய ரொட்டி, இன்னொரு கடையில் நாளை மறுநாள் தேதி முடியும் தயிர். கொண்டுவந்து கொட்டி, அழுகியதைத் தள்ளி, அடுக்கி, மதியம் வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். வருவோர் அரசு உதவி பெறும் சான்றைக் காட்டி ஓர் அட்டை வாங்கியிருப்பார்கள். பல ஊர்களில் ஒன்றிரண்டு யூரோ அடையாளக் கட்டணம் உண்டு. நம் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நிறைய இடங்களில் டாஃபெல் கடைகளே உண்டு. தட்டில் விலை எழுதியிருக்கும், கடை விலையில் ஒரு சிறு பங்கு. மக்கள் கூடையை எடுத்துக்கொண்டு தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். கையேந்துவதற்கும் கூடை ஏந்துவதற்கும் உள்ள தூரத்தை இந்த ஊர்க்காரர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கடைக்குள் முதல் முறை போனபோது நினைத்துக்கொண்டேன்.

"அப்ப பணம் கொடுத்தா? அவங்களே வாங்கிக்குவாங்கல்ல?"

அதுதான் அடுத்த சிக்கல். டாஃபெல்கள் காசு கொடுத்து உணவு வாங்குவதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை. வீணாகப் போவதை மீட்பதற்காக வந்த அமைப்பு. ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 10 லட்சம் டன் உணவைக் குப்பையில் போடும் நாட்டில், உணவைக் காசுக்கு வாங்குவானேன் என்பது அவர்கள் வாதம். நீ கொடுக்கும் பணம் டீசலுக்குப் போகும். குளிர்பதன அறையின் மின்கட்டணத்துக்கு, வாடகைக்கு, வண்டியின் பிரேக்குக்கு, பழுதான குளிர்பெட்டிக்குப் போகும். சுவரொட்டியில் போட அழகான படம் கிடைக்காத செலவுகள். ஆனால் குளிர்வண்டி நின்றுபோனால் அந்தத் தயிர் முழுக்கப் போச்சு.

அப்படியானால் பொருளே சேர்க்கக் கூடாதா? சேர்க்கலாம். எது என்பதில்தான் விஷயம். கடைகளில் மிஞ்சுவது காய்கறி, பழம், ரொட்டி, பால் பொருள். எண்ணெய் மிஞ்சுமா? சர்க்கரை, காபி, மாவு, அரிசி? மாதக்கணக்கில் கெடாத பொருளைக் கடைக்காரர் ஏன் மிஞ்ச விடுகிறார்? ஆகவே டாஃபெல் மேசையில் எப்போதும் குறைவது இவைதான். குழந்தைக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின், ஷாம்பூ, துணி சோப்பு இவையும் அரிது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இதைத் தெரிந்துகொண்டு 'ஒன்று கூடுதலாக வாங்கு' என்று சூப்பர் மார்க்கெட் வாசலில் சீட்டு கொடுத்து நிற்பார்கள். உனக்கு ஒரு பாக்கெட் காபி வாங்கும்போது அவர்களுக்கு ஒன்று. அக்டோபர் முதல் ஞாயிறு தேவாலயங்களில் அறுவடை நன்றித் திருநாள். பீடத்தின் முன்னால் குவியும் பூசணியும் உருளைக்கிழங்கும் பல ஊர்களில் திங்கட்கிழமை டாஃபெலுக்குத்தான் போகின்றன. ஆகவே நவம்பர் தொடக்கத்தில் நீயும் ஒரு லோடு உருளைக்கிழங்கு கொண்டுபோய் இறக்காதே.

இந்த இடத்தில் என் மானம் போன கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால், வேறொரு அலுவலகத்தில், நானும் இப்படித்தான் பெட்டி வைத்தேன். கேட்கவில்லை. மூன்று வாரத்தில் பெட்டி நிரம்பியது. உற்சாகமாக டாஃபெலுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கிருந்த ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். யாரோ வீடு காலி செய்தபோது மிஞ்சிய, தேதி முடிந்து இரண்டு வருடமான புளிக்குழம்பு விழுது. ஊரிலிருந்து வந்த, இந்தியில் மட்டும் எழுத்துள்ள மசாலாப் பொட்டலங்கள். திறந்து கிளிப் போட்ட பாஸ்தா. இரண்டு ஒயின் பாட்டில். ஒரு நண்பி அன்போடு போட்டிருந்த வீட்டு முறுக்கு. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பாதிக்கு மேல் ஒரு பக்கமாக ஒதுக்கி, "இதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? எங்கள் குப்பைக்கும் கட்டணம் உண்டு" என்றார். காரில் திரும்பி வரும்போது முறுக்கை நானே தின்றேன்.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய உணவுச் சட்டத்தின் கண்ணில், இலவசமாகக் கொடுத்தாலும் டாஃபெல் ஓர் உணவு வணிகம்தான். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள் எது என்று வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தெரிய வேண்டும். உணவைக் கையாளும் தன்னார்வலர் சுகாதார அலுவலகத்தில் ஒரு விளக்க வகுப்பில் உட்கார்ந்து தாள் வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் சமைத்தது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அடங்காது.

தேதியிலும் இரண்டு வகை. பாக்கெட்டில் 'குறைந்தபட்சம் இதுவரை நன்றாக இருக்கும்' என்று ஒரு தேதி. மிண்டெஸ்ட்ஹால்ட்பார்கைட்ஸ்டாட்டும் என்று மூச்சு வாங்கச் சொல்லும் சொல். அது கடந்தாலும் நன்றாக இருந்தால் கொடுக்கலாம், கடைகளும் கொடுக்கின்றன. இன்னொன்று அரைத்த இறைச்சி, பச்சை மீன் போன்றவற்றில் இருக்கும் 'இதற்குள் உண்ண வேண்டும்' தேதி. அது கடந்தால் யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் கடை கொடுப்பது வேறு, நீ கொடுப்பது வேறு. நீ புதிதாக வாங்கிக் கொடுப்பதென்றால் இன்னும் பல மாதம் இருக்கிற பொருளாகக் கொடு. உன் அலமாரியைச் சுத்தம் செய்ய வேறு நாள் பார்.

டீ ஆறிவிட்டது. மறுபடி சூடாக்கி ஊற்றினேன். பையன் சுவரொட்டியை மூடிவிட்டு ஒரு நோட்டை எடுத்திருந்தான். நல்ல அறிகுறி.

"அப்ப பணம்தான் சேர்க்கணும்னு சொல்றீங்க. ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கு."

"உங்க பாட்டி வீட்ல பிடியரிசிப் பானை இருந்ததா?"

இருந்ததாம். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. வீட்டில் யாருக்கும் ஒரு கவளம் குறைந்ததாகத் தெரியாது. மாதம் முடிந்தால் பானையில் படிக்கணக்கில் இருக்கும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதை ஊர் ஊராக ஒரு திட்டமாகவே சொல்லி வந்தார். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறதென்றால், வருடத்துக்கு ஒரு நாள் வரும் பெரிய மூட்டையால் மட்டுமா அது எரியும்?

ஜெர்மனியில் பிடியரிசிக்கு ரெஸ்ட்சென்ட் என்று பெயர். மிச்சச் சென்ட். உன் நிகரச் சம்பளம் மாதம் 2,847 யூரோ 63 சென்ட் என்று வை. விருப்பப்பட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், சம்பளப் பிரிவு அந்த 63 சென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு 2,847 யூரோவை அனுப்பும். எந்த மாதமும் 99 சென்ட்டுக்கு மேல் போகாது. வருடம் முழுக்க அதிகபட்சம் 11 யூரோ 88 சென்ட். பல நிறுவனங்களில் சேர்ந்த தொகைக்குச் சமமாக நிறுவனமும் போடும். நம் பக்கத்து மெர்சிடிஸில் 2011-இலிருந்து இதே கணக்கில் ஒரு நிதி நடக்கிறது. சென்ட் தொழிலாளியுடையது, அதற்கு இணையான சென்ட் கம்பெனியுடையது.

இருநூறு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவனையே போடச் சொன்னேன். சராசரி 50 சென்ட் என்றால் மாதம் 100 யூரோ, வருடம் 1,200. நிறுவனமும் போட்டால் 2,400. லிட்டர் டீசல் 1 யூரோ 60 என்று வைத்தால் 1,500 லிட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டி 15,000 கிலோமீட்டர் ஓடும். பையன் கணக்கைப் பார்த்து அசந்துவிட்டான். ஒருவர் வீட்டிலும் ஒரு காபி குறையவில்லை.

இதற்கு நீ போக வேண்டிய இடம் மேனேஜர் அறை இல்லை, பெட்ரீப்ஸ்ராட். ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் குழு. சம்பளத்தில் கை வைக்கும் எதையும் அவர்கள் இல்லாமல் இங்கே நகர்த்த முடியாது. அவர்களே முன்னால் நின்றால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் யூனியன் ஆபீஸ் என்றதும் ஒதுங்கிப் போகும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அவர்களிடம் உறுதியாகக் கேட்டு வாங்கு: யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது சம்பளப் பிரிவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மாடிவாரிப் போட்டி, அதிகம் கொடுத்தவர் பட்டியல், தெர்மாமீட்டர் படம் எல்லாம் லண்டனில் ஓடியிருக்கலாம். இங்கே முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், சுளிப்பது நியாயம்.

சில்லறை வழிகளும் உண்டு. சமையலறை மூலையில் காலி பாட்டிலுக்கு ஒரு கூடை வை. ஒருமுறைப் பயன் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் வைப்புத் தொகை 25 சென்ட், திரும்ப நிரப்பும் தண்ணீர் பாட்டிலுக்கு 15, பீர் பாட்டிலுக்கு 8. நாற்பது கோலா பாட்டில் பத்து யூரோ. லிடில் கடையில் பாட்டில் எடுக்கும் இயந்திரத்திலேயே 2008-இலிருந்து ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் தொகை நேரே டாஃபெலுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை கேக் விற்பனையும் வைக்கலாம். உன் அம்மா ரெசிபி ரவா கேக்கைச் செய்துகொண்டு வா, உண்டியலில் போடுவதைப் போடட்டும். முறுக்கு டாஃபெலுக்குத்தான் ஆகாது, அலுவலகத்துக்கு ஆகும்.

பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்களின் பணத்தை உன் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பாதே. அனுப்பியவர் பெயரில்தான் ரசீது வரும், வரிக்கழிவும் அவருக்குத்தான். டாஃபெல் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் அதன் கணக்கு எண்ணைச் சுற்றுக்கு விடு, குறிப்பில் நிறுவனத்தின் பெயரைப் போடச் சொல். 300 யூரோ வரைக்கும் தனி ரசீதே வேண்டாம், வங்கிக் கணக்கு அறிக்கையை வரி அலுவலகம் ஏற்கும். வரி அலுவலகம் என்றதும் ஞாபகம் வருகிறது. சாக்ஸனியில் ஒரு பேக்கரிக்காரர் மீந்த ரொட்டியை டாஃபெலுக்குக் கொடுத்து வந்தார். அதற்கும் விற்பனை வரி கட்டு என்று ஓலை வந்தது. 2012-இல் அது நாடு பூராவும் சிரிப்பும் கோபமுமாகி, தேதி முடியப் போகும் உணவின் மதிப்பைச் சுழியம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நிதித் துறை வழிவிட்டது. இந்த நாட்டில் தர்மத்துக்கும் ஒரு படிவம் இருக்கும், அதை முதலில் தேடு.

அவன் எழுதிக்கொண்டே நிமிர்ந்தான். "இவ்வளவு பணக்கார நாட்ல இதெல்லாம் ஏன்க்கா தேவைப்படுது?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2024, 2025 ஆண்டுகளில் தனியாக வாழும் ஒருவருக்கு அரசு கொடுத்த அடிப்படை உதவி, வாடகை போக, மாதம் 563 யூரோ. அதில் சாப்பாட்டுக்கென்று கணக்கிட்டது ஏறக்குறைய 195. நாளைக்கு ஆறரை யூரோ. காபிக்கடையில் நீ வாங்கும் லாட்டேவையும் ரொட்டியையும் கூட்டிப் பார். வருபவர்களில் ஓய்வூதியம் போதாத முதியவர்கள் உண்டு, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் உண்டு, 2022-க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்தவர்கள் மிகப் பலர். 2022 என்ற அந்த ஒரே ஆண்டில் வருவோர் எண்ணிக்கை ஒன்றரை மடங்காகிவிட்டதால், மூன்றில் ஒரு டாஃபெல் சில காலம் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. இன்னொரு பக்கம் சூப்பர் மார்க்கெட்டுகள் கணினிக் கணக்கில் துல்லியமாக வாங்கப் பழகிவிட்டன. மீந்ததையும் முப்பது சதவீதத் தள்ளுபடி ஒட்டி அவர்களே விற்கிறார்கள். மேசை நீள நீளத் தட்டு குறைகிறது. இப்படி ஒரு நெருக்கடி அதற்கு முன்பே, 2018-இல், எஸ்ஸன் நகரில் வெடித்தது. புதிதாகச் சேர ஜெர்மன் அடையாள அட்டை வேண்டும் என்று அங்கே சில மாதம் விதித்தார்கள். அப்போதைய பிரதமர் மெர்க்கெல் வரை அதைக் கண்டித்துப் பேசினார்.

டாஃபெலே கூடாது என்பவர்களும் உண்டு. ஷ்டெஃபான் செல்கே என்ற சமூகவியலாளர் 2008-இலிருந்து சொல்லி வருகிறார்: அரசு செய்ய வேண்டியதைத் தன்னார்வலர் செய்தால், அரசு நிம்மதியாகத் தூங்கும் என்று. எனக்கு அவரோடு முக்கால்வாசி உடன்பாடு. மீதிக் கால்வாசி செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கிறதே, அதை என்ன செய்வது? பிரான்ஸில் 2016-இலிருந்து பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று சட்டம். இங்கே எல்லாம் மனமுவந்து கொடுப்பதுதான். அதே சமயம், கடையின் குப்பைத் தொட்டியிலிருந்து தயிர் எடுத்த இரண்டு மாணவிகளுக்குத் திருட்டுத் தண்டனை செல்லும் என்று 2020-இல் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"அந்தக் குழந்தை படத்தையும் எடுத்துடு" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். இரவு ஏழு மணிக்கு நம் மேசைகளைத் துடைக்க வரும் அம்மாவிடம் அந்த டாஃபெல் அட்டை இருக்கலாம். கேன்டீனில் தட்டு கழுவும் பையனிடம் இருக்கலாம். அவர்கள் தினமும் கடந்துபோகும் சுவரில் ஒட்டப் போகிற படம் அது.

திங்கட்கிழமை அவன் டாஃபெலுக்குப் போன் செய்தான். அங்கே யாரும் எடுக்கவில்லை. ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் இடம், காலையில் எல்லாரும் வண்டியில் இருப்பார்கள். மின்னஞ்சல் போட்டான். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்ததை எனக்கு அனுப்பியிருந்தான். காபி, சமையல் எண்ணெய், நான்காம் அளவு டயப்பர். பட்டாணி டப்பா தயவுசெய்து வேண்டாம். டிசம்பரில் எல்லாரும் வருவார்கள், முடிந்தால் பிப்ரவரியில் வாருங்கள். பண உதவிக்குக் கணக்கு எண் கீழே. கடைசி வரி தனியாக இருந்தது: செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறரைக்கு வண்டி ஓட்டவும் பெட்டி தூக்கவும் ஆள் இல்லை, உங்கள் நிறுவனத்தில் யாராவது தொடர்ந்து வர முடியுமா?

மதியம் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறி ஆறு மாதம்தான் செல்லும், அவனுடையது இரண்டு மாதம் முன்னாலேயே செத்துவிட்டது. வண்டி ஓட்ட முடியாது.

"பெட்டி தூக்கலாம்ல அக்கா? செவ்வாய்க்கிழமை டீம் மீட்டிங் பத்து மணிக்குத்தானே?"